ஆன்லைனில் காய்கறி வாங்குவோரின் பசுமை அக்கறை: விவசாயி எதை நம்பி இறங்கலாம்?

சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் காய்கறி, கீரை, பால், அரிசி என்று எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஆர்டர் செய்யும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அந்தச் செயலிகளில் 'ஆர்கானிக்', 'நஞ்சில்லாதது', 'நேரடியாகப் பண்ணையிலிருந்து' என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. இதைக் காட்டி, "நகரத்து மக்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வந்துவிட்டது, இயற்கை விவசாயத்துக்கு மாறினால் கேட்ட விலை கிடைக்கும்" என்று விவசாயிகளிடம் சொல்லப்படுகிறது.

அந்தப் பேச்சை நம்பி மாறுகிறவர் இரண்டு, மூன்று ஆண்டு வருமானத்தைப் பணயம் வைக்கிறார். எனவே அந்த அக்கறை எவ்வளவு உண்மை, அது பணமாக விவசாயியின் கைக்கு வந்து சேருமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், அக்கறை உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் கண்ணில் படும் பொருளோடு நின்றுவிடுகிறது. விலை கூடினால் பின்வாங்குகிறது. நம்பத்தகுந்த அத்தாட்சியைக் காட்டி, வாங்குவதையும் எளிதாக்கினால் மட்டுமே அது விற்பனையாக மாறுகிறது.

சந்தை மாறிய விதம்

பிக்பாஸ்கெட் நிறுவனம் 2011-ல் பெங்களூரில் தொடங்கியது. 2020 ஊரடங்கில் கடைக்குப் போக முடியாத குடும்பங்கள் செயலிகளுக்குப் பழகின. ஸ்விக்கியின் இன்ஸ்டாமார்ட் 2020-லும், செப்டோ 2021-லும் வந்தன. குரோஃபர்ஸ் என்ற நிறுவனம் 2021 இறுதியில் பிளிங்கிட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் பொருளைக் கொண்டுவந்து தரும் போட்டியில் இறங்கியது.

1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது இருந்த முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உழவர் சந்தையில் வாங்குபவர் விவசாயியின் முகத்தைப் பார்க்கிறார். "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்கலாம். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கலாம். செயலியில் அவர் பார்ப்பது ஒரு படம், ஒரு விலை, இரண்டு வரி விளக்கம். விவசாயி தெரிவதில்லை, நிலமும் தெரிவதில்லை. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற செய்திகள் எளிதில் விளங்கும்.

சொல்வது ஒன்று, வாங்குவது வேறு

'சுற்றுச்சூழலைக் காக்கும் பொருளை வாங்குவீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்பவர் குறைவு. அப்படிச் சொன்னவர்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் 2019-ல் வந்த ஒரு கட்டுரை இதற்கு ஒரு கணக்கைத் தந்தது. ஒரு கருத்துக்கணிப்பில் 65 சதவீதம் பேர், சுற்றுச்சூழல் போன்ற நல்ல நோக்கம் கொண்ட நிறுவனங்களின் பொருளை வாங்க விரும்புவதாகச் சொன்னார்கள். உண்மையில் வாங்கியவர்கள் சுமார் 26 சதவீதம். அது வெளிநாட்டுக் கணக்கு. நம் ஊரில் எண் மாறலாம். ஆனால் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இப்படி ஒரு பள்ளம் இருப்பதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

காரணம் சிக்கலானதல்ல. கேள்வி கேட்கும்போது பணப்பை மூடியிருக்கிறது. ஆர்டர் போடும்போது திறக்கிறது. செயலியில் சாதாரணத் தக்காளியும் ஆர்கானிக் தக்காளியும் பக்கத்துப் பக்கத்தில், விலையோடு நிற்கின்றன. மாதக் கடைசியில் எது கூடைக்குள் போகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவசரமும் சேர்ந்துகொள்கிறது. சமைக்கத் தொடங்கிய பிறகு கொத்தமல்லி இல்லையென்று ஆர்டர் போடுபவர் லேபிளைப் படிப்பதில்லை.

இதற்காக நகரத்து மக்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நாமும் கடையில் விதை வாங்கும்போது விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் ஒரு பேச்சை நம்பி முதலீடு போடும்போது, அதில் எவ்வளவு பணமாக மாறும் என்று கழித்துப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் பார்ப்பது பாக்கெட்டை மட்டுமே

ஆன்லைனில் வாங்குவோர் சுற்றுச்சூழல் பற்றிப் பேசினால் முதலில் சொல்வது பிளாஸ்டிக். நாலு எலுமிச்சைக்கு ஒரு கவர், ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு கவர் என்று வந்தால் யாருக்கும் உறுத்தும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1-ல் வந்தது. ஆக, பிளாஸ்டிக் தீங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது.

ஆனால் உணவுப் பொருளால் பூமிக்கு ஏற்படும் பாதிப்பில் பாக்கெட்டின் பங்கு எவ்வளவு? ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட உலகளாவிய கணக்கு இருக்கிறது. அதன்படி, உணவு சார்ந்து வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் பாக்கெட் போடுவதன் பங்கு சுமார் 5 சதவீதம். போக்குவரத்து சுமார் 6 சதவீதம். மிகப் பெரும் பகுதி நிலத்திலும் கால்நடையிலும், காட்டை அழித்து விளைநிலமாக்குவதிலும் நடக்கிறது. உரம், நெல் வயலில் தேங்கும் தண்ணீர், மாட்டின் வயிறு எல்லாம் இதில் அடக்கம். இது காலநிலை பற்றிய கணக்கு மட்டுமே. சாக்கடையை அடைப்பது, மாட்டின் வயிற்றுக்குள் போவது என்று பிளாஸ்டிக்குக்கு வேறு தீங்குகளும் உண்டு.

இதன் பொருள் என்ன? சொட்டுநீர் போட்டுத் தண்ணீரைச் சேமிக்கும் விவசாயியும், மண் பரிசோதனை செய்து யூரியாவைக் குறைக்கும் விவசாயியும் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மை, காகிதப் பையில் போட்டுத் தருகிற நன்மையைவிடப் பெரியது. ஆனால் செயலியில் அது எங்கும் தெரிவதில்லை. காகிதப் பை தெரிகிறது. அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. நிலத்தில் செய்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. கண்ணில் படாத வேலைக்கு யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள்.

டெலிவரி வண்டி பற்றியும் ஒரு கருத்துக் குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காரில் கடைக்குப் போவதைவிட, ஒரே வண்டி பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கரியமில வாயு 20 முதல் 75 சதவீதம் வரை குறையும் என்று தெரிந்தது. ஒரே பகுதி வீடுகளைச் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் இந்த லாபம் கூடுகிறது. நம் ஊரில் தெருமுனைக் கடைக்கு நடந்துபோய் வாங்கியவர், இப்போது ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளை வரவழைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். இதை அந்த வாடிக்கையாளர் சுற்றுச்சூழல் பிரச்சினையாக நினைப்பது அரிது.

ஆர்கானிக் வாங்குவது யாருக்காக?

ஆர்கானிக் காய்கறி வாங்குவோரிடம் காரணம் கேட்ட ஆய்வுகளில் பொதுவாக முதலில் வருவது சொந்த உடல்நலம். குறிப்பாக வீட்டில் இருக்கும் குழந்தைகளின் நலம். மண், நீர், பூச்சி, பறவை எல்லாம் அதற்குப் பின்னால்தான். இது விவசாயிக்கு முக்கியமான செய்தி. "பூமியைக் காக்கிறோம்" என்ற வாசகத்தைவிட "பூச்சிமருந்து எச்சம் இல்லை, இதோ பரிசோதனை அறிக்கை" என்பதற்குத்தான் அவர் பணம் கொடுப்பார்.

அதனாலேயே நம்பிக்கை உடைந்தால் சந்தையும் உடையும். சாதாரணக் காயை ஆர்கானிக் என்று விற்றார்கள் என்று ஒரு செய்தி வந்தால், நேர்மையாக விளைவித்தவரின் சரக்கும் சேர்ந்தே தேங்கும். சட்டமும் இதில் இறுகி வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 ஆர்கானிக் உணவு விதிகளின்படி, ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் பொருளுக்கு என்.பி.ஓ.பி. சான்றோ பி.ஜி.எஸ். சான்றோ இருக்க வேண்டும். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு உண்டு. ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து, அது செயலியில் விற்றால் அதை நேரடி விற்பனை என்று சொல்ல முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பொய்யான பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்பது போன்ற வாசகங்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். எனவே உங்கள் சரக்குக்கு நிறுவனம் என்ன பெயர் சூட்டுகிறது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் சொல்லாததை உங்கள் பெயரில் அவர்கள் சொல்ல விடாதீர்கள்.

அழகான காய் மட்டும் போதுமா?

சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் அதே வாடிக்கையாளர், வளைந்த வெள்ளரியையும் சின்னப் புள்ளி விழுந்த தக்காளியையும் திருப்பி அனுப்புவார். படத்தில் பார்த்தது போலவே வர வேண்டும் என்பது ஆன்லைன் வியாபாரத்தின் எதிர்பார்ப்பு. அதனால் கொள்முதல் மையத்தில் அளவு, நிறம், வடிவம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கழிக்கப்பட்ட காய்க்கும் அதே தண்ணீர், அதே உரம், அதே கூலிதான் செலவாகியிருக்கிறது. அதை மண்டியில் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டிய நஷ்டம் விவசாயிக்கு. வாங்க ஆள் இல்லையென்றால் வரப்பில் கொட்ட வேண்டும்.

வாடிக்கையாளர் வீட்டிலும் வீணாகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கையின்படி, 2022-ல் உலகம் முழுவதும் கடைகள், உணவகங்கள், வீடுகளில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

இதை மாற்ற முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. பிரான்சில் இன்டர்மார்ஷே என்ற அங்காடி நிறுவனம் 2014-ல் கோணல்மாணலான காய், பழங்களை விலை குறைத்து, தனி விளம்பரம் செய்து விற்றது. அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய இம்பெர்ஃபெக்ட் புரொட்யூஸ் நிறுவனம், இப்படிப்பட்ட காய்கறிகளைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பியது. 'விலையும் குறைவு, வீணாகாமல் காப்பாற்றிய திருப்தியும் உண்டு' என்பதால் மக்கள் வாங்கினார்கள். சுற்றுச்சூழல் அக்கறையும் வாடிக்கையாளரின் பணப்பையும் ஒரே பக்கம் நின்றால் விற்பனை தானாக நடக்கும்.

திரையில் ஒரு சிறு மாற்றம் போதும்

சீனாவில் எல.மெ என்ற உணவு டெலிவரி செயலியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சாப்பாட்டோடு ஒருமுறை பயன்படுத்தும் கரண்டி, குச்சிகள் தானாகவே வந்துகொண்டிருந்தன. பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் நகரங்களில் அதை மாற்றி, வேண்டுமா வேண்டாமா என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். 'வேண்டாம்' என்பதை முன்கூட்டியே குறித்து வைத்தார்கள். வேண்டாம் என்பவருக்குச் சிறு பசுமைப் புள்ளிகளும் உண்டு. 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, கரண்டி வேண்டாத ஆர்டர்களின் பங்கு 648 சதவீதம் உயர்ந்தது. பிரிட்டனில் ஒகாடோ என்ற மளிகை நிறுவனம், உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே வண்டி வரும் நேரத்தைப் பச்சை வண்டிப் படம் போட்டுக் காட்டுகிறது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் எரிபொருள் மிச்சம்.

சீனாவில் நடந்தது சாப்பாட்டு ஆர்டரில். மளிகைக்கும் பாடம் ஒன்றுதான். மக்களின் மனம் ஒரே நாளில் மாறவில்லை. திரையை வடிவமைத்தவர் வழியை எளிதாக்கினார். எனவே 'நுகர்வோர் கேட்கவில்லை' என்று நிறுவனம் சொன்னால் அது பாதி உண்மை. எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்பது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு தனி விவசாயி இதைக் கேட்க முடியாது. ஆயிரம் பேர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கேட்கலாம்.

மாறும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஒரு ஏக்கரில் 10 டன் தக்காளி எடுப்பவர் கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் வரவு 2 லட்சம். இயற்கை முறைக்கு மாறிய தொடக்கத்தில் மகசூல் 8 டன்னாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 2 லட்சம் வர கிலோ 25 ரூபாய் வேண்டும். இது எல்லாச் சரக்கும் ஆர்கானிக் விலைக்குப் போனால். தரம் பிரித்ததில் பாதி, அதாவது 4 டன் மட்டும் தேறி, மீதி 4 டன் மண்டிக்கு 20 ரூபாய்க்குப் போனால், அதில் 80 ஆயிரம் வரும். மீதமுள்ள 1 லட்சத்து 20 ஆயிரத்தை 4 டன்னில் எடுக்க கிலோ 30 ரூபாய் வேண்டும். அதாவது பாதி விலை கூடுதல். உரம், மருந்துச் செலவில் மிச்சமாவதைக் கழித்து, கூலி கூடினால் அதைச் சேர்த்து, உங்கள் நிலத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

என்.பி.ஓ.பி. முறையில் ஒரு பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் மாறுதல் காலம். அந்தக் காலத்தில் முழு ஆர்கானிக் முத்திரை கிடைக்காது. அந்த ஆண்டுகளை எப்படித் தாண்டுவது என்பதற்கு விடை கையில் இருந்தால்தான் இறங்க வேண்டும்.

விவசாயிகள் செய்யக்கூடியவை

1. முதலில் செலவைக் குறைக்கும் முறைகளைத் தொடங்குங்கள். மண் பரிசோதனைப்படி உரம், சொட்டுநீர், இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, வரப்பில் பொறிப்பயிர். இவற்றுக்கு யாரும் கூடுதல் விலை தராவிட்டாலும் மிச்சமாகும் பணம் உங்களுடையது.

2. பண்ணைப் பதிவேடு எழுதுங்கள். விதைத்த நாள், இட்ட உரம், தெளித்த மருந்து, தெளித்த பின் அறுவடைக்குக் காத்திருந்த நாட்கள் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். செயலியில் முகம் தெரியாத உங்களுக்கு இந்த நோட்டுதான் முகம். பின்னால் சான்று வாங்கவும் இதுவே அடிப்படை.

3. சான்று வாங்குவதானால் சந்தையைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுங்கள். உள்நாட்டு விற்பனைக்கு பி.ஜி.எஸ். போதும், குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். ஏற்றுமதிக்கு என்.பி.ஓ.பி. தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இந்தச் சான்றைத் தருகிறது.

4. ஒப்பந்தத்தில் இரண்டாம் தரத்தையும் சேருங்கள். முதல் தரத்துக்கு என்ன விலை என்பதோடு, கழிக்கும் காயை என்ன விலைக்கு, எவ்வளவு எடுப்பார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். தரம் பிரிக்கும் அளவுகோல் தாளில் இருக்கட்டும்.

5. பிளாஸ்டிக்கை மாற்றும் செலவு யாருடையது என்று கேளுங்கள். காகிதப் பை, வாழைநார்க் கட்டு, திரும்ப எடுக்கும் கிரேட் எதுவானாலும் செலவு இருக்கிறது. அது உங்கள் விலையில் கழிக்கப்படுகிறதா என்று பில்லில் பாருங்கள்.

6. மதிப்புக் கூட்டினால் விதி மாறும். விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. மஞ்சளைத் தூளாக்கி, எள்ளை எண்ணெயாக்கி விற்றால் பதிவு அல்லது உரிமம் வேண்டும்.

7. முழுச் சரக்கையும் ஒரே செயலியை நம்பி விடாதீர்கள். உழவர் சந்தை, உள்ளூர்க் கடை, மண்டி என்று இன்னொரு வழியும் திறந்திருக்கட்டும். ஒரு கொள்முதல் மையம் மூடினாலும் அறுவடை நிற்காது.

ஆன்லைனில் வாங்குபவரின் அக்கறையைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கவும் வேண்டாம். நிறுவனம் உங்களைத் தேடி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வாடிக்கையாளர் தரும் கூடுதல் விலையில் எனக்கு எவ்வளவு? கழிக்கும் காய்க்கு என்ன விலை? மாறுதல் ஆண்டுகளில் என்ன விலை? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் முதலில் கால் ஏக்கரிலோ அரை ஏக்கரிலோ தொடங்கிப் பாருங்கள். வாய்ப்பேச்சாக மட்டும் பதில் வந்தால், செலவைக் குறைக்கும் முறைகளோடு உங்கள் பழைய சந்தையிலேயே தொடருங்கள்.